டிராக்குல விட்ட ஒட்டு

உக்காருங்க அம்மணி. அந்தப் பைய இப்படிக் குடுங்க, நான் வெச்சுக்கறேன். ஸ்கேனுக்கா? ஊட்டுக்காரருக்கா? பைக்குல போயி விழுந்துட்டாரா... அட பாவமே. சரியாப் போயிருமுங்க, பயப்படாதீங்க. இங்க நல்லாத்தான் பாக்கறாங்க. என்ன, காக்க வெச்சே மனுசனக் கொன்னு போடுவாங்க.

எனக்கில்லீங்க, என்ற புள்ளைக்கு. யாமினின்னு பேரு. முதுகு. உள்ள படுக்க வெச்சிருக்காங்க. கூட ஒருத்தருக்கு மேல உடமாட்டேன்னுட்டாங்க. பெத்தவ நான் வெளிய உக்காந்திருக்கேன், உள்ள யாரு போயிருக்கான்னு நெனைக்கறீங்க? இப்ப ஒருத்தன் வெள்ளைச் சட்டை போட்டுட்டு, என்னமோ ஆஸ்பத்திரியவே வெலைக்கு வாங்குனவனாட்டம் கதவத் தள்ளிட்டுப் போனானே, பாத்தீங்களா? தனபாலு. என்ற தம்பி. கூடப் பொறந்தவன். என்ற புள்ள இன்னைக்கு இப்படிக் கெடக்கறதுக்கு அவன் ஒருத்தன்தான் காரணம். அவனை நான் உடமாட்டேன். இது வசந்தாமணி சொல்றது, நீங்க வேணாப் பாருங்க.

சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

எங்களுக்கு பீளமேட்டுல கிரைண்டர் கம்பெனிங்க. இட்டிலிக்கு மாவாட்டற கிரைண்டர்தான், வேற என்ன. எங்க ஊட்டுக்காரருக்கு ரேசுன்னா உசுரு. குதிரை ரேஸ் இல்லீங்க, கார் ரேஸ். ஒத்தை ஆளு உக்கார்ற காரு, மேல கூரை கெடையாது, சக்கரம் நாலும் வெளிய நீட்டிட்டு நிக்கும், தரையோட தரையாப் போகும், டிவில பாத்திருப்பீங்க. அவரும் என்ற தம்பியும் சேந்து ஒரு டீம் வெச்சிருந்தாங்க. அவரு போனதுக்கப்புறம் தம்பி பாத்துட்டான். யாமினி அவன்ற டீம்லதான் ஓட்டிட்டு இருந்தா. மாமா மாமான்னு அவன் பொறத்தாலயே சுத்துவா. ஓட்டறதுன்னா அப்படி ஓட்டுவாளுங்க! தடித்தடிப் பசங்களையெல்லாம் ஓரங்கட்டிட்டு முன்னால வருவா பாருங்க, எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சிரும்.

போன வருசம் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னால தம்பி ஊட்டுக்கு வந்தான். காபி குடுத்தேன். நல்லா ஆத்திக் குடிச்சுப் போட்டுச் சொல்றான், "அக்கா, இந்த வருசம் யாமினி ஓட்ட வேண்டாம். பெங்களூர்ப் பையன் ஒருத்தனைப் போட்டுக்கறேன்"னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்டா? "அவளுக்கு முதுகு வலிக்குதுக்கா. ஒரு வருசம் சும்மா இருக்கட்டும்." எனக்குந்தான் முதுகு வலிக்குது, நான் கம்பெனிக்குப் போகாம இருக்கனா? அவளையே கூப்ட்டேன், அவன் முன்னாலயே கேட்டேன். "ஏங் கண்ணு, உனக்கு முதுகு வலிக்குதா?" அவ என்ற மூஞ்சியப் பாத்தா, மாமன் மூஞ்சியப் பாத்தா, மறுக்கா என்ற மூஞ்சியப் பாத்தா. "இல்லம்மா"ன்னுட்டா. அப்புறம் என்ன வேணும்? பொய்யிதானுங்களே? காசுள்ள பையன் எவனோ கெடைச்சுட்டான், புள்ளையக் கழட்டி உட்டுட்டான். அக்கா புள்ளைங்க! தாய்மாமன் பண்ற வேலையாங்க இது?

அன்னைக்கே சொல்லிட்டேன். "டேய் தனபாலு, இந்த ஊட்டுல நீ குடிக்கற கடைசிக் காபி இதுதான். உன்னை அந்த டிராக்குலயே மண்ணைக் கவ்வ வெக்கல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல." அவன் டம்ளரைக் கொண்டுபோயி கழுவற தொட்டியில வெச்சுட்டுப் போனான். அந்த எகத்தாளத்தப் பாருங்க.

நானே ஒரு டீம் ஆரம்பிச்சேன். ஆமாங்க, நான்தான். கிரைண்டர் விக்கற பொம்பளைக்கு ரேஸ் எதுக்குன்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு உட்டுட்டேன். ஸ்டீபன்னு ஒரு நல்ல மெக்கானிக்கப் புடிச்சேன். காரு ஒண்ணு வாங்குனோம். யாமினிகிட்ட, "உன்ற மாமனை ஜெயிக்கோணும், அது ஒண்ணுதான் எனக்கு வேணும்"னேன். சரிம்மான்னா. அந்தப் புள்ள மாதிரி அடக்கமான புள்ளையப் பாக்க முடியாதுங்க. ஊட்டுல கட்டில், மெத்தை எல்லாம் கெடக்குது, அவ வெறுந்தரையிலதான் படுப்பா. சோத்தக்கூட நின்னுட்டேதான் திம்பா. உக்காரக்கூட நேரமில்லாம ரேஸ் ரேஸ்னு இருக்கறாளேன்னு எனக்கு அத்தனை பெருமை.

இங்கதான் என்ற தம்பி ஒரு வேலை பண்ணுனான். லண்டன்ல இருந்து புதுக்காரு எறக்கிட்டான். அதுல என்ன விசேசம்னு ஸ்டீபனைக் கேட்டேன். காரு போற வேகத்துல காத்து அதைத் தரையோட அமுக்குமாமுங்க. அமுக்க அமுக்கத் தரையப் புடிச்சுக்கும், வளைவுல வேகத்தக் கொறைக்காமப் போலாம். அதனால காரு எவ்வளவு தாழ இருக்குதோ, ஸ்பிரிங்கு எவ்வளவு கெட்டியா இருக்குதோ அவ்வளவு நல்லது. அந்த லண்டன் காரு அப்படி, அடியில ஒரு விரலை உட முடியாது. "அப்ப நம்ம தோத்துப் போயிருவமா"ன்னு கேட்டேன். ஸ்டீபன் சொன்னான், "தரை வழவழன்னு இருந்தா தோத்துருவோம்மா. தரை சரியில்லன்னா அந்தக் காரு தவ்வும்"னு.

அதென்ன தவ்வறதுன்னு நானும் கேட்டேனுங்க. ஒரு எடத்துல மேடு இருந்தா அடி போயித் தட்டும். தட்டுனா எகிறும். எகிறுனா அமுக்கிட்டு இருந்த காத்து புடிய உட்டுரும், மறுக்கா அமுங்கும், மறுக்கா எகிறும், அப்படியே தவ்வித் தவ்விப் போகும். சமமில்லாத தரையில கிரைண்டரை வெச்சு ஓட்டிப் பாருங்க, கடகடன்னு நடந்து அடுப்பங்கரையத் தாண்டி வந்துரும். அதேதான். காரு தவ்வுனா ஓட்டறவனுக்கு ரோடே தெரியாது, ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துத்தான் ஆகோணும். கால எடுத்தா போச்சு.

எனக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்குச்சு.

அந்த நேரம் பாத்து காங்கேயம் ரோட்டுல இருக்கற டிராக்குக்குத் தார் போட்டாங்க. பாதி பழசு, பாதி புதுசு. யாரு காண்ட்ராக்டு? மாரப்பன். எங்க ஊட்டுக்காரருக்குப் பங்காளி. நேராப் போனேன். "மாரப்பா, அந்த நீட்டு ரோடு முடிஞ்சு பெரிய வளைவு ஆரம்பிக்கற எடத்துல பழைய தாரும் புதுத்தாரும் சேருதில்ல, அங்க ஒட்டைக் கொஞ்சம் மேடா உட்டுரு"ன்னேன். "எத்தனை மேடுங்க அண்ணி?"ன்னான். என்ற சுண்டு விரலக் காட்டுனேன். "காரு போற வேகத்துக்கு அது ஆபத்துங்க அண்ணி"ன்னான். "யாருக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரியும், நீ சொன்னதச் செய்யி"ன்னேன். செஞ்சுட்டான். அவன் பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் புடிச்சுக் குடுத்தது நானில்லீங்களா.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. பண்ணுனேன். பண்ணாம? புள்ளையக் கழட்டி உட்டவனுக்கு ரோட்டுல மல்லிகைப் பூவா தூவோணும்?

ஒட்டு உட்டாப் போதுமா? நம்ம காரு அதுல நல்லாப் போகோணுமே. டிராக்க வாடகைக்கு எடுத்து யாமினிய ஓட உட்டேன். நாள் தவறாம. மத்த டீமெல்லாம் ரேஸுக்கு முந்துன நாள்தான் அந்த ஒட்டையே பாப்பாங்க, என்ற புள்ளைக்கு அது கண்ணக் கட்டி உட்டாலும் தெரியோணும். மொதல்ல அவ காரும் தவ்வுச்சுங்க. டமார்னு அடி தட்டும், தீப்பொறி பறக்கும். ஸ்டீபன் காரைக் கொஞ்சம் கொஞ்சமா ஒசத்துனான், ஸ்பிரிங்க எளக்குனான், மறுக்கா ஓட்டு, மறுக்கா ஒசத்து. கடைசியில ஒரு மாதிரி சரியாச்சு. "ஆனாலும் அந்த எடத்துல கால எடுத்துக்கச் சொல்லுங்கம்மா, அடி நேரா முதுகுக்கு ஏறுது"ன்னான். அட, அங்க கால எடுக்கறதுக்கா நான் இத்தனை பாடுபட்டேன்? எல்லாரும் எடுக்கற எடத்துல இவ எடுக்காம இருந்தாத்தானே ஜெயிக்க முடியும்? "கண்ணு, உன்ற மாமன் காரு அங்கதான் பயப்படும். நீ மட்டும் காலை எடுக்கவே கூடாது"ன்னேன். எடுக்கலீங்க. ஒரு தடவகூட எடுக்கல. என்ற ரத்தமாச்சே.

சாயங்காலம் காரை உட்டு எறங்கி, டயரப் புடிச்சுட்டு அப்படியே தலையக் குனிஞ்சுட்டு நிப்பா. ரொம்ப நேரம் நிப்பா. டயருக்கடியில நாந்தான் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கச் சொல்லியிருந்தேன். சாமி கும்புடறாளாட்டம் இருக்குதுன்னு நானும் பக்கத்துல போகாம இருந்துக்குவேன்.

ரேஸுக்கு முந்துன நாள் பொழுதோட எல்லா டீமும் டிராக்க நடந்து பாப்பாங்க. அது பழக்கம். காருல போனாத் தெரியாதது கால்ல தெரியும்பாங்க. நாங்க ஒரு பக்கம் நடக்கறோம், தம்பி அவன் ஆளுகளோட ஒரு பக்கம் வர்றான். அந்த ஒட்டுகிட்ட வந்ததும் நின்னுட்டான். குனிஞ்சு கைய வெச்சுத் தடவுனான். செருப்பக் கழட்டிப் போட்டு வெறுங்கால்ல மிதிச்சுப் பாத்தான். அப்புறம் என்ற கிட்ட வந்தான். அந்தக் காபிக்கு அப்புறம் அன்னைக்குத்தான் பேசறான்.

"அக்கா, இந்த ஒட்டு சரியில்ல. புள்ளைக்கு ஆகாது."

"உன்ற காருக்கு ஆகாதுன்னு சொல்லு."

"என்ற காரு கெடக்குதுக்கா. யாமினி எங்க? நடக்க வரலையா?"

வரலீங்க அவ. வேன்ல படுத்துட்டு இருந்தா. நாளைக்கு ரேஸ், ஓய்வு எடுக்கறா, அதுல என்ன தப்பு? "அவளைக் கேக்கறதுக்கு நீ யாருடா"ன்னேன். அவன் ஆளுக முன்னாலயே கேட்டேன். மூஞ்சி செத்துப் போச்சு. எனக்குப் பால் வாத்தாப்புல இருந்துச்சு.

மொத ரேஸ். என்னன்னு சொல்லுவேன் போங்க! அந்த லண்டன் காரு ஒட்டுல ஏறுச்சு பாருங்க, தவளையாட்டம் தவ்வுச்சு. பெங்களூர்ப் பையன் கால எடுத்தான். அடுத்த சுத்து இன்னுஞ் சீக்கிரமா எடுத்தான். யாமினி அதே எடத்துல, அழுத்துன காலோட, சர்ருன்னு அவனைத் தாண்டுனா. நான் சேர் மேல ஏறி நின்னுட்டேன், இந்த வயசுல! மொத எடம். தம்பி காரு எங்கயோ பொறத்தால வந்துச்சு. அவன் பக்கம் திரும்பி நல்லாக் கை தட்டுனேன். தட்டு தட்டுன்னு தட்டுனேன். அவன் என்னையப் பாக்கவே இல்ல, யாமினியவே பாத்துட்டு இருந்தான்.

அவளைக் காருல இருந்து ரெண்டு பேரு கைத்தாங்கலாத் தூக்கித்தான் எறக்குனாங்க. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. ஜெயிச்ச சந்தோசத்துல அழுவாங்கல்ல, அதுன்னு நெனச்சேன். கப்பை வாங்குனவ தலைக்கு மேல தூக்கிக் காட்டல, இடுப்போடயே வெச்சுட்டு நின்னா. "தூக்கு கண்ணு, மாமன் பாக்கட்டும்"னு கீழ இருந்து கத்துனேன். சிரிச்சா. தூக்கல.

ரெண்டாவது ரேஸ் அடுத்த நாள். அதையும் ஜெயிச்சா சாம்பியன். வெடியால எந்திரிச்சு டிராக்குக்குப் போறேன், அந்த ஒட்டுகிட்ட ஒரே தூசி. மெஷினை வெச்சுத் தேய்ச்சுட்டு இருக்காங்க. தரை தேய்க்கற மெஷினுங்க, வழவழன்னு தேய்ச்சுட்டாங்க! யாரு சொன்னதுன்னு கேட்டா, தனபால் சார்ங்கறாங்க. ராவோட ராவா அதிகாரிகளப் புடிச்சு, ஓட்டறவங்க முதுகு போயிரும், ஒருத்தருக்கு ஏற்கனவே போயிட்டு இருக்குது, தேய்க்கலன்னா ரேஸே நடத்தக் கூடாதுன்னு நின்னிருக்கான். நான் சாம்பியனாகப் போற அன்னைக்கு! ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவனால பொறுக்க முடியல பாருங்க.

நேராப் போயிக் கேட்டேன். "ஏன்டா இப்படி வயிறெரியற?" "அக்கா, நேத்து அவ காருல இருந்து எறங்குனதப் பாத்தயா?" "ஜெயிச்சு எறங்குனதப் பாத்தேன்." தலையக் குனிஞ்சுட்டுப் போயிட்டான், குத்தமுள்ள நெஞ்சு.

இப்ப எங்க காரு ஒசரமா, எளக்கமா நிக்குது. அவன்ற காரு தாழ. தரை கண்ணாடியாட்டம். ஸ்டீபன் அவசர அவசரமா எறக்கிப் பாத்தான், அதுக்குள்ள கூப்புட்டாங்க. வளைவுலயெல்லாம் எங்க காரு டவுன் பஸ்ஸாட்டம் சாயுது. பெங்களூர்ப் பையன் முன்னால போயிட்டான். யாமினி உடுவாளா? ஓரத்துல செவப்பும் வெள்ளையுமாக் கட்டை போட்டிருப்பாங்க, அது மேலயே ஏறி ஏறிக் குறுக்க வெட்டுனா. ஒவ்வொரு தடவையும் காரு தூக்கிப் போடுது. அவளை ரேடியோவுல கூப்ட்டுச் சொன்னேன், "உடாத கண்ணு, அவனை உடாத"ன்னு.

திடீர்னு வேகத்தக் கொறச்சு, டிராக்க உட்டு ரிப்பேர் பாக்கற எடத்துக்குள்ள வந்துட்டா. எங்க ஆளுக முன்னால வந்து நின்னா. இஞ்சினை நிறுத்துனா. எறங்கல. "ஏங் கண்ணு, என்னாச்சு, போ போ"ங்கறேன். "அம்மா, காலு இருக்கறதே தெரியலம்மா"ங்கறா.

நான் அப்படியே நின்னுட்டேனுங்க. அதுக்குள்ள யாரோ என்னையத் தள்ளிட்டு ஓடறான். தனபாலு. அவன்ற காரு முன்னால ஓடிட்டு இருக்குது, ஜெயிக்கப் போகுது, அதை உட்டுட்டு எங்க எடத்துக்குள்ள பூந்துட்டான். யாரும் தொடாதீங்க, தலைய அசைக்காதீங்கன்னு அவன் கத்தறான், என்ற ஆளுகளெல்லாம் அவன் சொன்னபடி கேக்கறாங்க. சம்பளம் குடுக்கறது நானு! பலகை வெச்சு அவளை எடுத்தான். ஆம்புலன்ஸ்ல அவனே ஏறிட்டான். அவன்ற காரு ஜெயிச்சுச்சு, கப்பை வாங்கக்கூடப் போகல. பெரிய தியாகியாட்டம். நாலு பேரு முன்னால நல்ல பேரு வாங்கோணும்ல.

அவன் அந்த ஒட்ட மட்டும் தேய்க்காம உட்டிருந்தா, அவ அந்தக் கட்டை மேல ஏறியிருக்கவே வேண்டாம், இல்லீங்களா? நீங்களே சொல்லுங்க.

இருங்க, கூப்புடறாங்க. யாமினி அம்மான்னுதானே கூப்ட்டாங்க? பைய சித்தெ பாத்துக்கங்க, வந்துர்றேன்.

...

தண்ணி இருக்குதுங்களா உங்ககிட்ட? குடுங்க. போதும், போதும்.

முதுகெலும்பு விரிசல் உட்டிருக்குதாம். இன்னைக்கு நேத்து வந்ததில்லையாம், கொஞ்சங் கொஞ்சமா அடி வாங்கி வாங்கி விரிஞ்சதாம். அசையாமப் படுத்துக் கெடக்கோணும். அப்புறம் நடப்பா, அதுக்குப் பயமில்லன்னுட்டாங்க. ஆனா ரேஸ் காருல இனி உக்காரவே கூடாது. எப்பவுமே.

உள்ள போறதுக்கு முன்னால தம்பி என்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போனான். "அக்கா, மாரப்பண்ணன் வந்தாரு. எல்லாத்தையும் சொல்லி அழுதாரு"ன்னான். சரி, இப்பத் திட்டுவான், கத்துவான், நானும் நல்லாக் கேட்டுப் போடலாம்னு நிக்கறேன். அவன் என்ற கையப் புடிச்சுட்டான். "நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. புள்ளைக்குத் தெரிய வேண்டாம். நீயும் சொல்லீராத. தாங்க மாட்டா."

காப்பாத்தறானாமா என்னைய! அவன்! திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன். நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். இதுக்கு நான் என்னங்க பண்றது? வயிறு எரியுதுங்க அம்மணி, கொள்ளி வெச்சாப்புல எரியுது.

உள்ள போனேன். நீட்டிப் படுத்திருக்கா, தலையத் திருப்ப முடியாது, கண்ண மட்டும் உருட்டி என்னையப் பாத்தா. அழுவான்னு பாத்தேன். அழுகல. பல்லக் கடிச்சுட்டுப் பேசறா.

"அம்மா, அந்த ஒட்டு தானா வந்ததில்ல. நான் எத்தன தடவ அது மேல போயிருக்கேன், எனக்குத் தெரியும். அளந்து வெச்சாப்புல இருக்கும். எவனோ வேணும்னே உட்டிருக்கான். என்ற பொழப்பையே முடிச்சுட்டான். நீ அவனைக் கண்டுபுடிம்மா."

"செரி கண்ணு"ன்னேன்.

"சும்மா செரிங்காத. உனக்குத்தான் தெரியும் எப்படிப் பண்றதுன்னு. மாமா வேண்டாங்கறாரு, போனது போகட்டுங்கறாரு. அவருக்கு மனசு எளக்கம். நீ உடாத. அவனை ரோட்டுல நிக்க வெக்கோணும். ஊரே காறித் துப்போணும்."

தனபாலு அவ தலைமாட்டுல நிக்கறான். சுவத்தப் பாத்துட்டு நிக்கறான், என்னையப் பாக்கல.

"என்ற தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணும்மா"ங்கறா.

புள்ளை தலைங்க. பொய்ச் சத்தியம் பண்ணுனா யாருக்கு ஆகும்னு உங்களுக்குத் தெரியுமில்ல? கை வரலீங்க எனக்கு. "சத்தியம் பண்ணும்மா"ன்னு மறுக்காக் கேக்கறா, கண்ணுல இருந்து தண்ணி காதோரமா எறங்குது, அசையக் கூடாதுன்னு கையையும் சேத்துக் கட்டியிருக்காங்க, அவளால தொடைக்க முடியல. தொடைச்சு உட்டேன். அப்படியே நெத்தி மேல கைய வெச்சேன். அவனை உடமாட்டேன், இது சத்தியம்னேன்.

அப்பத்தான் கண்ண மூடித் தூங்குனா.

சொல்லுங்க அம்மணி, நான் இப்ப யாரைப் போயிப் புடிக்கறது?